இரண்டாம் தளத்துக் குழாய்

பசுமைக் கட்டடம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தக் குழாய் எங்கே போகிறது? சூரியத் தகடு எத்தனை, மாடியில் என்ன ஓடு என்பதெல்லாம் அப்புறம்.

போன மாதம் ரேவதி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புதான் எங்கள் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவள். கடலூரில் ஒரு புது அரசு அலுவலகக் கட்டடம் எழும்புகிறது, அதன் பொறுப்பு இப்போது அவளிடம். வழவழப்பான ஒரு கையேட்டை என் முன்னால் விரித்தாள். மழைநீர்த் தொட்டி, காற்று வர நடு முற்றம், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு, கை கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கு விடும் ஏற்பாடு. எல்லாம் பச்சை நிறத்தில் அச்சடித்திருந்தது.

“சிதம்பரத்துல நீங்க இதெல்லாம் பண்ணியிருக்கீங்களே மேடம். ஒரு நாள் வந்து எங்ககிட்ட பேசுங்க. இல்லாட்டி எழுதியாவது குடுங்க.”

மேடையில் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் நல்லதை மட்டும் எழுத மாட்டேன் என்றும் சொல்லிவைத்தேன்.

நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, இருபத்திரண்டு வயதில் அரசுக் கட்டடத் துறையில் இளநிலைப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பத்து வருடம் கான்கிரீட்டும் கம்பியும் வெயிலும். “பொம்பளைய சைட்டுக்கு அனுப்பியிருக்காங்கடா” என்று காதுபடச் சொன்னவர்கள், பிறகு அளவெடுக்க என்னையே தேடி வந்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சந்தேகம் என் பிறவிக் குணம் இல்லை. மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்திலும் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்த சமயம், ஓர் அலுவலகத்தைச் சரிபார்க்க அனுப்பினார்கள். கோப்பில் புகைப்படம் தயாராக இருந்தது. சுவரோரம் வெள்ளைக் குழாய், அதன் காலடியில் அழகாகப் பரப்பிய கருங்கல் ஜல்லி. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சிரித்தபடி நின்றார். எனக்கு ஏனோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மாடிக்கு ஆள் அனுப்பி இரண்டு குடம் தண்ணீரைக் குழாயில் ஊற்றச் சொன்னேன். ஜல்லிக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் சுவரோரமாகப் பீறிட்டு என் செருப்பை நனைத்தது. கடப்பாரையால் கிளறினோம். குழாய் ஒரு சாண் ஆழத்தோடு முடிந்திருந்தது. குழியே கிடையாது. கெட்டி மண்ணின் மேல் ஜல்லியைத் தூவிப் படம் எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, “எல்லாம் சரியா இருக்கு மேடம்” என்று யாராவது சிரித்துக்கொண்டு வந்தால், என் கை தானாகவே கடப்பாரையைத் தேடும்.

நான் சொல்ல வந்தது சிதம்பரத்துக் கட்டடத்தைப் பற்றி. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. தரைத்தளமும் இரண்டு மாடியும். பிச்சாவரம் பக்கத்து மீனவர்களும் பரங்கிப்பேட்டைக்காரர்களும் மனு கொடுக்க வந்து காத்திருக்கும் இடம்.

அப்போது எங்களுக்குச் செயற்பொறியாளராக இருந்தவர் கார்த்திகேயன் சார். என்னைவிடப் பதினேழு வயது இளையவர், நேரடித் தேர்வில் வந்தவர். குரலை உயர்த்தியதே கிடையாது. எனக்கு மேலதிகாரி, ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். ஒன்று சொன்னால் உடனே பதில் சொல்ல மாட்டார், நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதி தாங்காமல் நாமே இன்னும் நாலு வார்த்தை உளறிவிடுவோம். இது வேண்டுமென்றே செய்யும் தந்திரம் என்று நான் நினைத்தேன். சைட்டுக்கு வந்தால் நேராக மேற்குச் சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மத்தியானம் இரண்டு மணிக்கு, வேலை செய்யும் கொத்தனாரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, “இங்க எட்டு மணி நேரம் உக்காந்து வேலை பாப்பீங்களா?” என்று கேட்பார். கூட வந்தவர்கள் அதையும் போட்டோ எடுப்பார்கள். நாடகம் என்று எனக்குத் தோன்றும்.

கட்டடம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல், நடுவில் முற்றம், சன்னலுக்கு மேலே வெயில் தடுப்பு. கத்திரி வெயிலிலும் உள்ளே மின்விசிறி போதும் என்றிருந்தது. நானே சுவரில் கை வைத்துப் பார்த்து, ஏதோ ஏமாற்று என்று மறுநாளும் போய் வைத்துப் பார்த்தேன். ஏமாற்று இல்லை.

சிக்கல் தண்ணீரில்தான் இருந்தது. மொட்டை மாடியில் இரண்டு தொட்டி. ஒன்றில் குடிக்கிற நல்ல தண்ணீர். இன்னொன்றில் கை கழுவிய தண்ணீரை மணலிலும் கரியிலும் வடிகட்டி, குளோரின் கலந்து ஏற்றுவது, கழிப்பறைக்கு மட்டும். இரண்டு தொட்டியிலிருந்தும் தனித்தனிக் குழாய் இறங்கும். வரைபடத்தில் நல்ல தண்ணீர் நீலக் கோடு, மற்றது ஊதா.

குழாய் வேலைக்கு ஒப்பந்தக்காரர் வைத்திருந்தவர் பஷீர் பாய். பரங்கிப்பேட்டைக்காரர், பல வருடம் சவுதியில் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்த முதல் வாரமே என்னிடம் வந்தார்.

“மேடம், அங்கெல்லாம் இந்தத் தண்ணிக்கு ஊதா கலர் பைப்புதான் போடுவோம். இங்க ரெண்டுக்கும் ஒரே வெள்ளை பைப்பு எறக்கியிருக்காங்க. பின்னாடி யாருக்கும் அடையாளம் தெரியாது.”

“பெயின்ட்ல பட்டை அடிச்சுக்கலாம் பாய்.”

“செவுத்துக்குள்ள போனதுக்கப்புறம் பட்டை எங்க மேடம் தெரியும்?”

ஆள் பற்றாக்குறையால் அவர் வேலை பின்தங்கியிருந்தது எனக்குத் தெரியும். நாளைக் கடத்தச் சாக்கு தேடுகிறார் என்று முடிவு செய்தேன். அப்புறம் அவர் என்ன கேட்டாலும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

பூச்சு வேலை தொடங்கும் நேரத்தில், இரண்டாம் தளத்தில் பதிவேட்டு அறை போதவில்லை, பெரிதாக்கித் தாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். டீ போடவும் குடிநீர் பிடிக்கவும் அங்கே ஒரு சின்ன அறை உண்டு, பேன்ட்ரி என்போம். அதைக் கழிப்பறைக்குப் பின்சுவர்ப் பக்கம் தள்ளினால் இடம் கிடைக்கும். புது வரைபடம் வரைய வாரம் ஆகும். மேசையில் கிடந்த செராக்ஸ் பிரதியிலேயே பேனாவால் அறையை மாற்றிப் போட்டு, பக்கத்தில் ஓடிய குழாயிலிருந்து ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கார்த்திகேயன் சாரும் பச்சை மையில் ஒப்புதல் கொடுத்தார்.

மறுநாள் பஷீர் பாய் அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

“இந்த பேன்ட்ரிக்கு நீங்க இழுத்திருக்கிற கோடு, நல்ல தண்ணி லைன்லேர்ந்துதானா மேடம்? செராக்ஸ்ல ரெண்டும் கறுப்பாத் தெரியுது.”

“சவுதியில எத்தனை வருஷம் வேலை பாத்தீங்க?”

“பதினோரு வருஷம்.”

“பதினோரு வருஷத்துல கோடு படிக்கக் கத்துக்கலியா? வரைஞ்சிருக்கிற மாதிரி போடுங்க பாய். ஒண்ணொண்ணுக்கும் வேலைய நிறுத்திட்டு வந்து நிக்காதீங்க.”

அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். “சரி மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திறப்பு விழா நடந்தது. எல்லாக் குழாயையும் அழுத்தம் ஏற்றிச் சோதித்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில், கதவுகள் ஊறி இறுகிவிட்டன என்று கூப்பிட்டார்கள். முதல் வருடப் பழுதெல்லாம் எங்கள் பொறுப்பு. போனபோது தனலட்சுமியைக் காணோம். அவள் அங்கே அலுவலக உதவியாளர், மங்கலம்பேட்டைக்காரி. எப்போது போனாலும் எனக்கு டீ கொண்டுவந்து வைப்பாள்.

“தனத்துக்கு மஞ்சக்காமாலை மேடம். ஆஸ்பத்திரியில சேத்திருக்கு” என்றார் கண்காணிப்பாளர். “டிரைவருக்கும் வந்துச்சு. டைப்பிஸ்ட் ஒரு அம்மாவுக்கும். எல்லாம் எதுத்தாப்புல இட்லி விக்கிற கலியமூர்த்தியால. சுத்தமே இல்ல. எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் புகார் குடுத்து வண்டிய எடுக்க வெச்சோம்.”

அந்த வண்டியில் நானும் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். தட்டுக்கு வாழையிலை போட்டு, வெந்நீர் வைத்துக் கழுவும் மனுஷன்.

“நீங்களும் அங்க சாப்பிடுவீங்கல்ல சார்?”

“தினம் சாப்பிடுவேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் வரலியே?”

அவர் மேசையின் ஓரத்தில் கேன் தண்ணீர் இருந்தது. அறை உள்ள அதிகாரிகள் எல்லோரிடமும் கேன் இருந்தது. தனமும் டிரைவரும் டைப்பிஸ்டும் வெளியே பொதுமக்களுக்கு வைத்திருக்கும் டிரம்மில் குடிப்பவர்கள். அந்த டிரம்மைத் தினமும் காலையில் தனம்தான் நிரப்புவாள், இரண்டாம் தளத்துப் பேன்ட்ரிக் குழாயிலிருந்து.

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்தேன். லேசாக ஒரு வாசனை. “புது பைப்பு, ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான்” என்றார் கண்காணிப்பாளர். கீழே சுத்திகரிப்பு அறைக்குப் போனேன். குளோரின் கலக்கும் சின்ன மோட்டார் நின்றுபோய் நாள் பல ஆகியிருந்தது. கழிப்பறைக்குத்தானே போகிறது என்று யாரும் கவலைப்படவில்லை.

பேன்ட்ரிக் குழாயை இறுக்கி, துணியால் கட்டி, டிரம்மைக் கவிழ்த்துவிட்டு நேராகக் கார்த்திகேயன் சாரிடம் போனேன். அடுத்த வாரம் பசுமைச் சான்றிதழுக்காக வெளியூரிலிருந்து குழு வர இருந்தது. இந்தக் கட்டடம் அவருக்குப் பேர் வாங்கித் தரும் கட்டடம். மூடி மறைக்கத்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அவர் வழக்கம்போல முகத்தையே பார்த்தார். இந்த முறை நான் உளறவில்லை.

“சனிக்கிழமை ஆபீஸ் லீவு. டெஸ்ட் பண்ணுங்க மேடம்” என்றார் கடைசியில். “நானும் வர்றேன்.”

அவர் எதற்கு வர வேண்டும் என்பதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பஷீர் பாயையும் வரச் சொல்லியிருந்தேன். தப்பு அவருடையது என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. எல்லார் முன்னாலும் அவர் கையாலேயே அது வெளியே வரட்டும் என்று இருந்தேன்.

முதலில் மாடியில் நல்ல தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடினோம். அப்புறம் ஒவ்வொரு தளமாக எல்லாக் குழாயையும் திறந்துவிட்டோம். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்து, நூலாகி, சொட்டாகி, நின்றது. தரைத்தளம் நின்றது. முதல் தளம் நின்றது. இரண்டாம் தளத்துப் பேன்ட்ரிக் குழாய் மட்டும் கொஞ்சமும் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது வேறு தொட்டியின் தண்ணீர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதிவைக்கக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். கடையில் வாங்கிவந்த கேசரிப் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, மாடியில் கழிப்பறைக்கான தொட்டியில் ஊற்றிக் கலக்க ஆள் அனுப்பினேன். கார்த்திகேயன் சாரும் பஷீர் பாயும் நானும் பேன்ட்ரியில் நின்றோம். சிங்க்கில் விழுந்த தண்ணீர் முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகு சாயம்போன மஞ்சள், பிறகு நல்ல ஆரஞ்சு.

“வந்துருச்சு மேடம்” என்றார் பஷீர் பாய்.

நான் அவர் பக்கம் திரும்பி, “என்ன பாய் இது?” என்றேன். நான் கேட்ட தொனி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“நீங்க குடுத்த டிராயிங்படிதான் போட்டேன். வல்லாஹி, சத்தியமா ஒரு அடி மாத்தல.”

கார்த்திகேயன் சார் என்னைப் பார்த்தார். “ஆபீஸ் காப்பி இருக்குமே மேடம். எடுத்துட்டு வாங்க.”

கடலூர் அலுவலகத்தில் அன்று யாரும் இல்லை. அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து, என் பேனாக்கோடு போட்ட செராக்ஸைப் பழைய வண்ண வரைபடத்தின் மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கோடு ஊதாக் குழாயில் போய் முட்டி நின்றது. கீழே என் கையெழுத்து.

உட்கார்ந்துவிட்டேன். பஷீர் பாய் வந்து கேட்டாரே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அன்றைக்கு வண்ணத் தாளை எடுத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். கேட்ட ஆள் மேல் சந்தேகப்பட்டேன், என் கோட்டின் மேல் படவில்லை. எத்தனையோ பேர் வைத்த குழாயைத் தோண்டிப் பார்த்தவள், நான் இழுத்ததைத் தோண்டவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். இப்போது எழுதுவதால் மறைக்காமல் சொல்கிறேன், அந்த எண்ணம் வந்தது. பஷீரிடம் உள்ள பிரதி சிமென்ட்டும் கிரீஸும் பட்டு நைந்துபோயிருக்கும், அவர் பேச்சு எடுபடாது, எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது தனத்தின் நினைவு வந்ததா, ஆண்டவர் நினைவு வந்ததா என்று கேட்டால் தெரியாது. கோப்போடு எழுந்தேன்.

சிதம்பரத்தில் காத்திருந்த கார்த்திகேயன் சார் இரண்டு தாளையும் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“இத வேற யாரு பாத்தாங்க?”

“யாரும் பாக்கல சார். நான்தான் மொதல்ல.”

மறுபடி அந்த அமைதி. அவர் மறைக்கச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். உண்மையில், அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்றுகூட எதிர்பார்த்தேன்.

“நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க மேடம். ஒப்புதல் குடுத்தது நான். அதையும் சேத்து எழுதுங்க” என்றார். என் எதிரிலேயே போனை எடுத்து, அந்த அலுவலகத் தலைவருக்கு விஷயத்தைச் சொன்னார். பொதுமக்களுக்கும் கேன் தண்ணீர் வையுங்கள், டிரம்மில் குடித்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார். சான்றிதழ்க் குழுவை வர வேண்டாம் என்று எழுதினார். எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன், பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அவரிடமும் விளக்கம் கேட்டார்கள். அதற்குப் பிறகு வேலை தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. ‘வேற யாரு பாத்தாங்க’ என்று அவர் கேட்டது எதற்காக என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் என்ன நினைத்தார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை சைட்டில் பஷீர் பாய் பேன்ட்ரிச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்.

“பாய், தப்பு என்னோடது. எழுதிக் குடுத்துட்டேன்.”

அவர் உளியைக் கீழே வைத்தார். “நான் கேட்டேன்ல மேடம்?”

“கேட்டீங்க.”

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. உளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஊதாக் குழாய் வரவழைத்து, அந்தத் தளம் முழுக்க அவரே மாற்றிப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் தனத்தைப் பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். தேறிவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்ப கலியமூர்த்தி அண்ணன் மேல தப்பில்லியா மேடம்?”

“இல்ல.”

“நானும் கையெழுத்துப் போட்டேனே” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கலியமூர்த்தியைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வண்டி நின்றது. மத்தியானம் ஆகியும் இட்லிச் சட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

“காமாலைக் கடைன்னு பேரு வெச்சுட்டாங்க மேடம். இங்கயும் அந்தப் பேச்சு வந்துருச்சு” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். எந்தத் தண்ணீர், எந்தக் குழாய், யார் போட்ட கோடு எல்லாம். கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார். நான் முடித்ததும், “நீங்க சொல்றீங்க. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்? எழுதிக் குடுப்பீங்களா?” என்றார்.

மெமோ நிலுவையில் இருக்கும் அரசு ஊழியர், துறைக்குத் தெரியாமல் வெளியாளுக்கு எழுத்தில் எதையும் கொடுக்கக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவர் வண்டிப் பலகையில் வைத்தே எழுதினேன். அந்த அலுவலகத்தில் வந்த நோய்க்கு இவருடைய உணவு காரணம் இல்லை, கட்டடத்தின் குழாய் இணைப்பே காரணம், அந்த இணைப்பைத் தவறாக வரைந்தது நான். பெயர், பதவி, கையெழுத்து.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார்.

“தேதி போடலியே மேடம்” என்றார்.

வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தேன்.